ஆள் இருக்கிற வீடு

பதினோரு வீட்டுச் சாவி வைத்திருந்தவனுக்கு மாதக் கடைசிக்குள் குடியிருக்க ஒரு வீடு வேண்டியிருந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள். வேறு யாருக்காவது நடந்திருந்தால் அவனும்தான் சிரித்திருப்பான்.

தெருவில் அவனுக்குச் 'சாவி' என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழில் பத்திரமாக இருந்தது. தொழில் வயரிங். ஊரில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு போய்ப் பணம் அனுப்பத் தொடங்கிய காலத்தில் வெறும் மண் தெரிந்த இடமெல்லாம் மாடி முளைத்தது. சாவிக்குச் சாப்பிட நேரமில்லாத வேலை. எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது: உள்ளே இருக்க ஆளில்லை. வீட்டின் சொந்தக்காரன் அங்கே ஒரே அறையில் எட்டுப் பேரோடு, கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டுப் படுத்திருப்பான். இங்கே அவனுடைய நான்கு படுக்கையறைகளிலும் மெத்தைகள் கடை உறையைக்கூடக் கழற்றாமல் காத்துக் கிடக்கும். பூட்டிய வீட்டுக்குப் புதிதாக யார் வயரிங் செய்யப் போகிறார்கள்? வேலை குறையக் குறைய, வயரிங் செய்த வீடுகளுக்கே சாவி வைத்துக்கொள்ளும் ஆளாக மாறினான்.

ஆளில்லாத வீடு சும்மா இருக்கும் என்று நினைப்பவர்கள் வீடு கட்டிப் பார்க்காதவர்கள். அது தன்பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு ஒரு முறை எல்லாக் குழாயையும் திறந்து விட வேண்டும். இல்லாவிட்டால் கழிவுக் குழாயின் வளைவில் நிற்கிற தண்ணீர் வற்றி, அந்த வழியாக நாற்றமும் கரப்பான் பூச்சியும் மேலே ஏறி வரும். மோட்டாரை ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும். காரைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே உறும விட வேண்டும். அணைத்து வைத்த ஃபிரிட்ஜின் கதவு மூடிக்கொள்ளாமல் இடுக்கில் துணி செருக வேண்டும். இவ்வளவும் யாரும் செய்யக்கூடிய வேலை. சாவியின் கைத்திறமை வேறு இடத்தில் இருந்தது. வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி காட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வாசலில் பெரிய செருப்பு ஒன்றும் சின்னச் செருப்பு ஒன்றும் கழற்றிப் போடுவான். ஒரே இடத்தில் கிடந்தால் திருடன் கண்டுபிடித்துவிடுவான் என்று நாளுக்கு நாள் இடம் மாற்றுவான். கொடியில் பழைய சட்டையும் துண்டும் நனைத்துப் போடுவான். சொட்டாத துணியை எந்தத் திருடனும் நம்பமாட்டான் என்பது அவன் தொழில் ரகசியம். ஒரு வீட்டில் ரேடியோ பேசிக்கொண்டிருக்கும். இன்னொரு வீட்டில் குழந்தை சைக்கிள் காலையில் சுவரோரம் சாய்ந்திருக்கும், மாலையில் மாமரத்தடிக்குப் போயிருக்கும். புதிதாக வந்த தபால்காரர் ஒருவர் ஒரு மாதம் வரை அந்தக் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லாத குடும்பத்துக்கெல்லாம் துணி அலசிப் போடுறீங்க," என்பாள் அவன் மனைவி. "இருக்கிற குடும்பத்துக்கு ஒரு கொடி கட்ட இடமில்ல."

அது உண்மைதான். அவனும் மனைவியும் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகளும் இருந்தது இரண்டு அறை வாடகை வீடு. அந்த வீட்டுக்காரரின் மகனும் வெளிநாட்டில்தான். ஒரு நாள் காலையில் அவர் வந்து, இதை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டப் பையன் பணம் அனுப்பிவிட்டான், மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்றார்.

"கட்டி யாருங்க இருக்கப்போறது? பையன் அங்க. நீங்க ரெண்டு பேரும் பொண்ணு வீட்ல," என்றான் சாவி.

"பூட்டி வைப்போம்." அது என்ன கேள்வி என்பது போல அவர் பார்த்தார். "அதான் பாத்துக்க நீ இருக்கியே."

சாவி வீடு தேடினான். வெளியூர்க் காசு ஒரு வீட்டுக்கு வந்தால் அந்த வீட்டுக்கு நல்லது. ஊர் முழுக்க வந்தால், வராதவன் வாழ்வதற்குத்தான் வழியில்லாமல் போகும். வாடகை கேட்ட இடத்தில் அவன் தலை சுற்றியது. பாதிப் பேர் வாடகைக்கு விடவே மாட்டேன் என்றார்கள். "குடி வெச்சா சுவத்துல ஆணி அடிப்பாங்க," என்றார் ஒருவர். வெட்கத்தை விட்டு, தான் சாவி வைத்திருக்கும் வீட்டுக்காரர்களுக்கே ஃபோன் செய்தான். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் தன் மாமியார் வரப்போவதாகச் சொன்னார். அந்த மாமியாரின் காரியத்துக்குச் சாவியே போயிருக்கிறான். இன்னொருவர் அன்பாகப் பேசினார்: "உன்னை மாதிரி நம்பிக்கையான ஆளு கிடைக்கமாட்டாங்கப்பா. அந்தப் பேரைக் கெடுத்துக்காத."

பத்துப் பேரும் முடிந்து மீதி இருந்தது பதினோராவது வீடு. அது தம்பி வீடு.

சொல்லப்போனால், வெளிநாடு போயிருக்க வேண்டியவன் சாவிதான். இருபத்து மூன்று வயதில், அம்மா வழி மனையில் தன் பங்கை விற்று ஏஜென்டிடம் பணம் கட்டி, பெட்டிகூட வாங்கிவிட்டான். மருத்துவச் சோதனையில் நெஞ்சுப் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. சிறு வயதில் வந்து ஆறிப்போன நோயின் தழும்பு. அது அவனை அதற்குப் பிறகு ஒரு நாளும் இருமக்கூட வைத்ததில்லை. ஆனால் தகுதியில்லை என்று முத்திரை குத்திவிட்டார்கள். கட்டிய பணம் திரும்ப வராது, வேண்டுமானால் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்றான் ஏஜென்ட். தம்பியின் நெஞ்சு சுத்தமாக இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி போனான். இத்தனை வருடத்தில் அண்ணன் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. தம்பி அதை நினைவுபடுத்திக்கொண்டதும் இல்லை.

அங்கே தம்பி ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டான். வீடு எழும்பியது பெரும்பாலும் அவள் ராத்திரி டியூட்டியில். வீடு முடியட்டும், பிள்ளை பிறகு பெற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார்கள். வீடு முடிந்தது. பிள்ளை பிறக்கவில்லை. அவ்வளவு பெரிய வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தங்கியது மொத்தம் பத்தொன்பது நாள்.

"உனக்கில்லாத வீடாண்ணே?" என்றான் தம்பி, எடுத்த எடுப்பில். சாவிக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் தம்பி தொண்டையைச் செருமினான். "ஆனா அவளுக்குத் தெரிய வேணாம்."

'இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்' என்பது மற்றவர்களுக்குப் பழமொழி. தம்பி மனைவிக்கு அது குடும்பக் கதை. அவள் அப்பா, போக்கிடமில்லாமல் நின்ற தன் பெரியப்பா மகனை இரண்டு மாதம் இருக்கட்டும் என்று வீட்டில் சேர்த்தார். வந்தவர் போகவில்லை. வழக்கு பதினெட்டு வருடம் நடந்தது. தீர்ப்பு வருவதற்குள் கோர்ட்டுப் படியேறியே அவள் அப்பா போய்ச் சேர்ந்தார். இப்போது சொந்தக்காரர் என்ற சொல்லைக் கேட்டாலே அவள் வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பாளாம்.

"ரெண்டு மாசம் இருண்ணே. அதுக்குள்ள வேற பாத்துடு. பின்பக்கம் மட்டும் புழங்கிக்க. கேட்டு, வராந்தா, ஹாலு, மூணு இடத்துல கேமரா இருக்கு. பிரேக்குல எல்லாம் ஃபோன்ல பாத்துட்டே இருப்பா."

"கேமரா மாட்டுனதே நான்தானேடா," என்றான் சாவி.

மாட்டியவனுக்கு அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று சாண் அளவில் தெரியும். மூன்று பேரும் பின்சந்து வழியாகச் சாமான்களைக் கொண்டுபோய், சமையலறையிலும் அதற்கடுத்த பின்னறையிலும் குடிபுகுந்தார்கள். ஹாலுக்குப் போகும் கதவு எந்நேரமும் சாத்தியே இருந்தது. ஹால் கேமராவுக்குக் காதும் உண்டு என்பதால் குக்கர் வைக்கக்கூடாது, விசில் அடிக்கும். தும்மல் வந்தால் தலையணையில் தும்ம வேண்டும். மனைவிக்குத்தான் பெரும்பாடு; இரைந்து திட்டியே பழகிய பெண்ணுக்குக் குசுகுசுவென்று திட்டினால் கோபம் தீருமா? பாதியில் நிறுத்திவிட்டுப் பாத்திரத்தைத் தேய்ப்பாள், அதையும் சத்தமில்லாமல்.

முன்பக்கம் போய், இல்லாத குடும்பத்தின் செருப்பை இடம் மாற்றி வைப்பான். பின்பக்கம் வந்து, இருக்கிற குடும்பத்தின் செருப்பை ஒளித்து வைப்பான். இப்படி ஒரு பிழைப்பு எந்த ஊரில் யாருக்கு வாய்த்திருக்கிறதோ தெரியாது. மகள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வீடு எங்கே என்று பள்ளியில் கேட்டவர்களுக்குப் பழைய முகவரியைச் சொன்னாள். அங்கே அப்போது செங்கல் குவியல்தான் இருந்தது.

ஒன்றரை மாதம் தலையணையில் தும்மியே ஓடிவிட்டது. பிறகு விடாமல் மூன்று நாள் மழை. பின்னறையில் கட்டிய கயிற்றில் யூனிஃபார்ம் காயாமல் ஒரு வாடை அடித்தது. மறுநாள் பள்ளியில் உடைச் சோதனை. நாலாம் நாள் மத்தியானம் வெயில் எட்டிப் பார்த்ததும் மனைவி பொறுக்கமாட்டாமல், சாவி போலித் துணி காயப்போடும் பக்கவாட்டுக் கொடியில் அதைக் கொண்டுபோய்ப் போட்டாள். கேட் கேமரா அந்தக் கொடியைப் பார்க்கும் என்பது அவளுக்கும் தெரியும். அரை மணி நேரம்தானே, அதற்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

சாவி இரண்டு தெரு தள்ளி ஒரு கார் ஷெட்டில் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். ஃபோன் அடித்தது. தம்பி மனைவி.

"மாமா," என்றாள். மூத்தாரை அப்படித்தான் கூப்பிடுவாள். "கொடியில ஸ்கூல் யூனிஃபார்ம் கிடக்கே?"

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கத்தவும் முடியாது, சொல்லவும் முடியாது. வண்டியை அணைத்தான்.

"பாப்பாவோடதா மாமா?"

"ஆ... ஆமாம்மா."

"எப்படி மாமா உங்களுக்கு இதெல்லாம் தோணுது! சட்டை, துண்டு யாரு வேணா போடுவாங்க. யூனிஃபார்ம் கிடந்தா, படிக்கிற பிள்ளை இருக்கிற வீடுன்னு எவனும் கிட்ட வரமாட்டான். வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்து நனைச்சுப் போட்டிருக்கீங்க பாருங்க, சொந்தக்காரங்கன்னா சொந்தக்காரங்கதான்."

அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சத்தம் போட்டு வைத்தான்.

"பக்கத்துத் தெருவுல பூட்டை உடைச்சுட்டாங்களாமே, எனக்குத் தூக்கமே இல்ல. ஒண்ணு கேக்கட்டுமா? பாப்பா சாயங்காலம் ஒரு மணி நேரம் நம்ம வராந்தாவுல உக்காந்து படிக்கட்டுமே. சும்மா வேணாம். மாசா மாசம் அவ பேர்ல ஏதாவது போட்டு விடுறேன்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்லவும் முடியாது. அன்றைக்கே அவள் ஹாலில் இருந்த பிரம்பு நாற்காலியை வராந்தாவுக்கு எடுத்துப் போடச் சொன்னாள்.

தினமும் ஐந்து மணிக்கு மகள் பையை மாட்டிக்கொண்டு பின்சந்து வழியாக வெளியேறி, தெருவைச் சுற்றி வந்து, எங்கிருந்தோ வருகிறவள் போல முன் கேட்டைத் திறந்து நுழைந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். ஆறு மணிக்கு எழுந்து, கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மறுபடி தெருவைச் சுற்றிப் பின்பக்கம் வந்து சேர்ந்தாள். இருக்கிற வீட்டில் இருப்பதாக நடிப்பதற்குக் கூலி என்று மனைவி முதல் நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று சாவிக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் வராந்தா கேமரா பேசியது. "என்ன பாடம் பாப்பா?"

அதுவரை சித்தி என்றால் மகளுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் சாக்லேட் டப்பா. இப்போது தினமும் தேநீர் இடைவேளையில் பத்து நிமிடம் சித்தியே வந்தாள். கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஊசி என்றால் ஓடுகிற ஆறடி ஆம்பிளையைப் பற்றிச் சொன்னாள். நாள் முழுவதும் ஊரார் நோவைப் பார்க்கிறவளுக்கு, தன் வீட்டு வராந்தாவில் இரட்டைச் சடை ஒன்று குனிந்து எழுதுவதைப் பார்க்க ஆசையாகத்தானே இருக்கும்? மகளும் பதிலுக்குப் பேசினாள். வீட்டில் வாய் திறக்க வழியில்லாத பெண்ணுக்கு அங்கே மட்டும்தான் முழுக் குரலில் பேசலாம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அந்தச் சத்தமான சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் சாவிக்கு நெஞ்சு நிறையும், உடனே வலிக்கவும் செய்யும்.

"அம்மா என்ன பண்றாங்க?"

"வீட்ல சமைக்கிறாங்க சித்தி," என்பாள். அம்மா இருபது அடி தள்ளி உலை வைத்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது தம்பி கூப்பிட்டான். "அண்ணே, அவ அடுத்த மாசம் லீவுல வர்றா. வீடு பாத்துட்டேல்ல?"

"பாத்துட்டிருக்கேன்டா."

"பாத்துட்டிருக்கேன்னா எப்படிண்ணே? தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா."

வீடு கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே ஒரு கூரைக் கொட்டகை காட்டினார்கள். அங்கேயிருந்து மகள் பள்ளிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று சாவி முடிவு செய்தான். அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. தினமும் பாப்பா பாப்பா என்று உருகுகிறாள். கேட்டால் அந்தப் பின்னறையை விட்டுத்தருவாள். இது வரை சரி. ஆனால் தானே சொல்வதற்கு அவனுக்கு வாய் வரவில்லை. மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

"சித்தி பேசும்போது நீயே சொல்லிடு. நாங்க இங்கதான் சித்தி இருக்கோம், எங்களுக்கு வேற வீடு கிடைக்கலன்னு. உன்மேல அவங்களுக்குக் கோபம் வராது."

மகள் தலையாட்டினாள். இடி தாங்க ஒரு வளர்ந்த ஆண்பிள்ளை பதினோரு வயதுப் பிள்ளையை முன்னால் நிறுத்தினான். அவனைப் போன்ற நல்லவர்கள் இப்படித்தான், ஆபத்து வரும் வரைக்கும் நல்லவர்கள்.

அன்றைக்குச் சித்தி தானாகவே அந்த இடத்துக்கு வந்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற சாவிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பாப்பா, உங்க பழைய வீட்டை இடிச்சுட்டாங்களாமே? நம்ம எதிர் வீட்டக்கா இன்னிக்குத்தான் சொன்னாங்க. உங்கப்பா ஒரு வார்த்தை சொல்லலையே. இப்ப எங்க இருக்கீங்க?"

கடவுளே வாய் திறந்து கேட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. சொல்லு, சொல்லு என்று கதவைப் பார்த்து உதட்டை அசைத்தான்.

பிரம்பு நாற்காலி கிறீச்சென்றது. பிறகு மகளின் குரல், தெளிவாக, சத்தமாக.

"புது வீட்டுக்குப் போயிட்டோம் சித்தி. பெரிய வீடில்ல. ஆனா எனக்குன்னு தனி ரூம் இருக்கு. ஜன்னல் தெருப்பக்கம். அம்மா அதுல பச்சைத் துணி தெச்சுப் போட்டிருக்காங்க. குக்கர் விசில் அடிச்சா தெருமுனை வரைக்கும் கேக்கும். காலையில அம்மா கத்துற கத்துல பக்கத்து வீட்டுக்காரங்களும் எந்திரிச்சுடுவாங்க. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வந்து ஆடினாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல."

மனைவி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அப்பாடா," என்றாள் சித்தி. "மத்தியானத்துலேர்ந்து எனக்கு அதே நினைப்பு. போக்கிடம் இல்லன்னா நம்ம பின்பக்கத்தைக் குடுத்துடலாம்னு சித்தப்பாகிட்ட பேசணும்னு இருந்தேன். எங்கப்பா பட்ட பாட்டைப் பாத்தவளுக்கு அப்படி ஒரு நினைப்பு வர்றதே பெரிசு பாப்பா. உன்னாலதான் வந்துச்சு. பரவாயில்ல, உங்களுக்குன்னு நல்ல இடமா அமைஞ்சுடுச்சு. லீவுக்கு வரும்போது மொதல்ல உன் ரூமைத்தான் பாக்க வருவேன். இருட்டுது பாரு, வீட்டுக்குப் போ."

கேட் திறக்கிற சத்தம், சாத்துகிற சத்தம். மகள் தெருவைச் சுற்றி வந்து சேர வழக்கம்போல நாலு நிமிடம் ஆனது.

"நான் என்ன சொல்லச் சொன்னேன்? நீ என்ன சொன்ன?" சாவி கத்தினான், அந்தக் கத்தலும் குசுகுசுவென்றுதான் வந்தது.

"உண்மையைச் சொன்னா, இத்தனை நாள் சொன்னது எல்லாம் பொய்யின்னு ஆயிடும்லப்பா," என்றாள் மகள். "அப்புறம் சித்தி என்கூடப் பேசமாட்டாங்க."

அவன் கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் மனைவி அதை ஒடித்திருப்பாள். "நீங்க பேச வேண்டியதைப் பிள்ளையை விட்டுப் பேசச் சொன்னீங்க. அது தனக்கு வேணும்கிறதைப் பேசிட்டு வந்திருக்கு. இப்பவாவது நீங்க எடுங்க ஃபோனை. அந்தப் பொண்ணு குடுக்கத் தயாரா இருக்கா, கேட்டீங்கல்ல?"

சாவி கொல்லைப்புறம் போய் நின்று கூப்பிட்டான். பாப்பா விளையாட்டுக்குச் சொல்லிவிட்டாள் என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னான். இணைப்பு போய்விட்டதோ என்று ஒருமுறை திரையைப் பார்த்தான்.

"எத்தனை நாளா?" என்றாள் கடைசியில்.

"ரெண்டு மாசம் ஆகப்போகுதும்மா."

"அவருக்குத் தெரியுமா?"

ஆமாம், உன் புருஷன்தான் இருக்கச் சொன்னான் என்று சொல்லியிருந்தால் பழியில் பாதி அங்கே போயிருக்கும். வீட்டுக்குள் வந்தவன் திருடன் இல்லை என்றாவது ஆகியிருக்கும். சாவி தம்பியை நினைத்தான். அவன் குடித்தனத்தை நினைத்தான். ஒருமுறை பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவனுக்கு இதிலும் பழக்கம் விடவில்லை.

"தெரியாதும்மா. நானாத்தான் வந்தேன்."

"தினமும் பாப்பா கேட்டைச் சாத்திட்டுப் போனது?"

"சுத்தி வந்து, பின்னால..."

"எங்கப்பா வீட்டுலயும் இப்படித்தான் மாமா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருக்கலாம். "மொதல்ல அவங்க பிள்ளைங்களைத்தான் எங்ககூட ஆட விட்டாங்க. அதுல ஒரு பொண்ணு மேல நான் உசுரையே வெச்சிருந்தேன். அந்தப் பொண்ணு இருக்காளேன்னுதான் எங்கப்பா மூணாவது மாசம், நாலாவது மாசம்னு விட்டாரு."

"அம்மா, சத்தியமா அப்படி இல்லம்மா. பாப்பாவுக்கு உன்மேல—"

"பாப்பாவைப் பத்திப் பேசாதீங்க மாமா." அவள் குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில காலி பண்ணிட்டுச் சாவியை எதிர் வீட்டக்காகிட்ட குடுத்துடுங்க. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன்."

அவள் சொல்லமாட்டாள்தான். ஆனால் எதிர் வீட்டில் சாவியைக் கொடுப்பதும் தெருவில் தண்டோரா போடுவதும் ஒன்று. பூட்டிய வீட்டுக்குள் குடும்பத்தோடு புகுந்தவன் என்ற பேர் நாளை இரவுக்குள் கடல் தாண்டிப் போய்விடும். மீதிப் பத்துச் சாவியையும் ஒவ்வொருவராகக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள், மரியாதையாகவே. உள்ளதும் போச்சு.

உள்ளே வந்தான். மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள். அட்டைப்பெட்டிகளை இறக்கப் போனாள். மகள் பின்னறை வாசலில் நின்றிருந்தாள்.

"சித்தி என்ன சொன்னாங்கப்பா?"

"ஒண்ணுமில்ல. உன்மேல அவங்களுக்குக் கோபமே இல்ல. லீவுக்கு வரும்போது உன்னைக் கட்டாயம் பாக்கணும்னு சொன்னாங்க."

மகள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இந்த இரண்டு மாதத்தில் அவளுக்குப் பொய்யில் நல்லது எது, மட்டமானது எது என்று தெரிந்துவிட்டிருந்தது.

"சரிப்பா," என்று அவனுக்காகச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து புத்தகங்களைப் பைக்குள் அடுக்க ஆரம்பித்தாள்.